பௌதிகப் பாடமும் பொய்க் கணக்கும்

கலாசாலைகளில் பௌதிக சாஸ்திரம் என்பதாக ஒரு பாடம் கற்பிக்கப்பட்டு வருகின்றது. இப்பொழுது அதை இயற்பியல் என்கின்றார்கள். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். உலகத்தில் உள்ள பொருள்கள் ஏன் விழுகின்றன, எப்படி ஓடுகின்றன, எதனால் சுடுகின்றன, வெளிச்சம் எப்படி வளைகின்றது என்பவைகளை, எவன் சொன்னான் என்று பார்க்காமல், அளந்து பார்த்து முடிவு செய்வதே அந்தச் சாஸ்திரம். மற்றச் சாஸ்திரங்களுக்கெல்லாம் ரிஷி உண்டு, மூலம் உண்டு, பாஷ்யம் உண்டு. பௌதிகத்திற்கு அளவுகோலும் கடிகாரமும் தராசும்தான் ஆதாரம். எவ்வளவு பெரிய மனிதன் சொன்னதானாலும் அளவுக்கு ஒத்துவராவிட்டால் தள்ளப்பட வேண்டியதுதான் என்பது அதன் முதல் விதியாகும்.

இப்படிப்பட்ட பாடத்தை நமது கலாசாலைகளில் எந்த விதிகளைக் கொண்டு நடத்துகின்றார்கள் என்பதைச் சற்றுக் கவனிப்போம்.

கலாசாலை திறந்த முதல் வாரத்தில் வகுப்பில் விதிகள் வாசிக்கப்படுகின்றன. நூற்றுக்கு 75 நாள் வகுப்புக்கு வந்திருக்க வேண்டும். பெரும்பாலான கலை, அறிவியல் கலாசாலைகளில் 100 மார்க்கில் 25 மார்க்கு உள்ளுக்குள்ளேயே போடப்படும். 75 மார்க்கு பல்கலைக்கழகப் பரீட்சையில் வாங்க வேண்டும். அப்சர்வேஷன் நோட்டு வேறு, ரெக்கார்டு நோட்டு வேறு. ரெக்கார்டு நோட்டை அழகாக எழுதி, படம் போட்டு, கெடுவுக்குள் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அட்டை போட வேண்டும். வலது பக்கத்தில் இன்னது, இடது பக்கத்தில் இன்னது என்று எழுத வேண்டும். இப்படியாக விதிகள் வரிசையாக வருகின்றன.

இவ்வளவு விதிகளிலும் ஒரு விதியை மாத்திரம் காணோம். "நீ கண்ணால் கண்ட அளவையே எழுத வேண்டும், காணாததை எழுதக் கூடாது" என்கின்ற விதிதான் அது.

அது சொல்லாமலே தெரிந்த சங்கதியல்லவா என்று சிலர் கேட்கலாம். சொல்லாமலே தெரிந்ததானால் சொல்லாமலே நடக்கவும் வேண்டும் அல்லவா? நடக்கின்றதா என்று பார்ப்போம்.

பௌதிகம் படிக்கின்ற எந்தப் பிள்ளையும் செய்கின்ற ஒரு சிறு பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுவோம். ஒரு சிறு உலோகக் குண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுகின்றார்கள். அதற்கு ஊசல் என்று பெயர். நூலின் நீளத்தை அளந்து, 20 தடவை போய்வர எத்தனை செகண்டு ஆகின்றது என்று பார்த்து, ஒரு கணக்குப் போட்டால், பூமி ஒரு பொருளைக் கீழே இழுக்கும்போது அதன் வேகம் செகண்டுக்குச் செகண்டு எவ்வளவு கூடுகின்றது என்பது கிடைத்துவிடும். இதை ஈர்ப்பு முடுக்கம் என்பார்கள். புத்தகத்தில் அது 980 செண்டிமீட்டர் என்றோ 981 என்றோ அச்சாகியிருக்கின்றது.

ஒரு பிள்ளை ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலை ஆட்டி, 20 ஆட்டத்திற்கு 40.4 செகண்டு என்று காண்கின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் 968 வருகின்றது. அதை எடுத்துக்கொண்டு போனால் "980 வரவில்லையே, திரும்பச் செய்" என்கின்ற பதில் கிடைக்கின்றது. திரும்பச் செய்ய நேரம் இல்லை. அடுத்த பிள்ளை அந்தக் கருவிக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றான். அதனால் அவன் என்ன செய்கின்றான்? போன வருஷத்துப் பிள்ளையின் நோட்டைத் தேடுகின்றான். இல்லாவிட்டால் 980-லிருந்து தலைகீழாகக் கணக்குப் போட்டு, என்ன நேரம் எழுதினால் 980 வரும் என்று கண்டுபிடித்து, அந்த நேரத்தைக் "கண்டதாக" எழுதிவிடுகின்றான். விடை 979.9 என்று அழகாக வந்துவிடுகின்றது. கையெழுத்தும் விழுகின்றது, மார்க்கும் விழுகின்றது.

ஜாதகத்தைப் பார்த்துப் பலன் சொல்லுவதாகச் சொல்லிக்கொண்டு, நடந்து முடிந்த பலனைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற ஜாதகம் எழுதுகின்ற ஜோசியனுக்கும், விடையைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற அளவை எழுதுகின்ற இந்தப் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

எல்லாக் கலாசாலைகளிலும், எல்லா ஆசிரியர்களிடத்திலும் இப்படியே நடக்கின்றது என்று நாம் சொல்ல வரவில்லை. பிள்ளைகளோடு கூட நின்று, வந்த அளவை வந்தபடி எழுதச் சொல்லுகின்ற ஆசிரியர்களும் இருக்கின்றார்கள். ஆனால் இந்த வழக்கம் பௌதிகம் படித்தவர்களுக்குத் தெரியாத இரகசியம் அல்ல. வேண்டுமானால் வாசகர்கள் தங்கள் ஊரில் பி.எஸ்ஸி. படித்த யாரையாவது விசாரித்துப் பார்க்கலாம்.

இப்பொழுது அந்த 968 என்பது குற்றமா என்று பார்ப்போம். கையால் கடிகாரத்தை ஓட்டுவதிலும் நிறுத்துவதிலும் ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு முன்பின் ஆவது மனிதர்களுக்குச் சகஜம். 40 செகண்டில் அந்தச் சிறு தவறுதல் நேர்ந்தால் நூற்றுக்கு அரை பங்கு தப்பு. கணக்கில் நேரத்தை இரண்டு தடவை பெருக்குவதால் விடையில் அது நூற்றுக்கு ஒரு பங்காகின்றது. அதாவது 978 இருக்கவேண்டிய இடத்தில் 968-ம் வரலாம், 988-ம் வரலாம். இரண்டும் யோக்கியமான விடைகளே. ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் ஒரே ஒரு தடவை மாத்திரம் இப்படி அளந்து, 40 பேருக்கும் 980 என்றே வந்ததானால், அந்த வகுப்பில் அளவு எடுக்கப்படவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதைவிட வேடிக்கையானது ஒன்று இருக்கின்றது. பூமியின் இழுப்பு எல்லா ஊரிலும் ஒரே அளவு அல்ல. பூமத்திய ரேகையில் கடல் மட்டத்தில் சுமார் 978.0; துருவங்களில் சுமார் 983.2. புத்தகத்தில் காணப்படும் 980.665 என்பது 1901-ம் ஆண்டில் எடை அளவுகளுக்கான சர்வதேச மகாநாட்டில் பொதுக் கணக்குக்காக ஒப்புக்கொள்ளப்பட்ட எண்ணாகும். 981-க்கு அருகில் உள்ள அளவு பாரிஸ், லண்டன் போன்ற ஊர்களில் கிடைப்பது. சென்னையில் அது ஏறத்தாழ 978.3, கன்னியாகுமரிப் பக்கம் இன்னும் சற்றுக் குறைவு. ஆகவே 981 என்று திருத்தி எழுதுகின்ற நமது பிள்ளை பொய் எழுதுவது மாத்திரமல்லாமல், பாரிஸ் பட்டணத்து அளவை மதுரையிலும் திருநெல்வேலியிலும் கண்டதாகச் சாட்சி சொல்லுகின்றான். கிட்டத்தட்ட மெய்யான விடை கையில் இருந்தும் அதை அழித்துவிட்டுப் பொய்யை எழுதினால்தான் மார்க்கு என்றால், இதற்குப் பெயர் படிப்பா?

ஒவ்வொரு ஊரிலும் இழுப்பு வேறு வேறு என்பது எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1672-ம் ஆண்டில் பாரிஸ் சாஸ்திர சபையார் ஜான் ரிஷே என்கின்ற வான சாஸ்திரியைத் தென் அமெரிக்காவில் பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள கயேன் என்னும் ஊருக்கு அனுப்பினார்கள். அவர் பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைக் கொண்டுபோனார். கயேனில் அது நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. சரியாக ஓடவைக்க ஊசலை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்க வேண்டியிருந்தது. பாரிஸ் அளவு வரவில்லையே என்று அவர் பயப்படவில்லை. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதினார். ஊரில் இருந்த பண்டிதர்களில் சிலர் அவர் சரியாக அளக்கவில்லை என்றே சந்தேகப்பட்டார்கள். ஆனால் நியூட்டன் 1687-ல் வெளியிட்ட தமது பெரிய புத்தகத்தில் அந்த அளவை எடுத்துக்கொண்டு, பூமி சுழல்வதனால் நடுவில் பருத்தும் துருவங்களில் சப்பையாகவும் இருக்கின்றது என்று வாதித்தார். அதை மறுத்து, பூமி துருவப் பக்கம்தான் நீண்டிருக்கின்றது என்று பிடிவாதம் பண்ணியவர்களும் பிரான்சில் இருந்தார்கள். 1736, 1737-ம் ஆண்டுகளில் மோபர்த்துயி என்பவரின் கோஷ்டியார் வடதுருவ வட்டத்திற்கு அருகில் லாப்லாந்துக்குப் போய் நிலத்தை அளந்து வந்த பிறகு நியூட்டன் பக்கம் ஜெயித்தது.

நமது ஊரும் இந்த வேலைக்குப் புறம்பல்ல. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் இருந்த கோல்டிங்ஹாம் என்பவர் சென்னையில் ஊசலின் நீளம் எவ்வளவு என்பதை அளந்து எழுதியது 1822-ம் ஆண்டிலேயே லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் அச்சாகியிருக்கின்றது. சென்னைக்கு என்று ஒரு அளவு உண்டு, அதைச் சென்னையில்தான் எடுக்க வேண்டும் என்பது 200 வருஷத்திற்கு முன்பே தெரிந்திருக்க, அதே சென்னையில் இன்று படிக்கின்ற பிள்ளைக்குப் புத்தக எண்ணைக் கட்டாயப்படுத்துவானேன்?

ரிஷே நமது கலாசாலை ஒன்றில் மாணாக்கராயிருந்தால் அவருடைய நோட்டின் கதி என்னவாகியிருக்கும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும். "பாரிஸ் அளவு வரவில்லை, திரும்பச் செய்" என்று சிவப்பு மையால் கோடு போட்டிருப்பார்கள். பூமி உருண்டையின் சப்பையும் அந்தக் கோட்டுக்குள் அடங்கிப் போயிருக்கும்.

நிற்க. விடையை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பது மாணாக்கர்களை மாத்திரமல்ல, மகா பண்டிதர்களையும் கெடுத்திருக்கின்றது. 1903-ம் ஆண்டில் பிரான்சு தேசத்து நான்சி நகரத்தில் பிளாண்ட்லோ என்கின்ற பேர்பெற்ற பேராசிரியர் புதிதாக ஒரு கதிரைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். இருட்டறையில் மங்கிய வெளிச்சம் சற்றுப் பிரகாசமாவதைக் கண்ணால் பார்ப்பதுதான் அதற்கு அத்தாட்சி. வேறு பல பண்டிதர்களும் தாங்களும் கண்டதாக எழுதினார்கள். 1904-ல் அமெரிக்காவிலிருந்து வுட் என்கின்ற பௌதிக சாஸ்திரி போய்ப் பார்த்தார். இருட்டில் யாருக்கும் தெரியாமல் கருவியிலிருந்த முக்கியமான பட்டகத்தை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் அந்தக் கதிர் தெரிவதாகவே சொன்னார்கள்! சாமி வந்துவிட்டது என்று நினைப்பவனுக்குச் சாமி தெரிவதைப்போல, கதிர் வரும் என்று நினைத்தவர்களுக்குக் கதிர் தெரிந்தது. வுட் எழுதியது வெளிவந்த பின் அந்தக் கதிர் ஒழிந்தது.

இதிலிருந்து தெரியவேண்டியது என்ன? மனிதனுக்குத் தான் விரும்புவதைக் காணுகின்ற சுபாவம் உண்டு. படித்தவனுக்கும் உண்டு. அந்தச் சுபாவத்தை அடக்கி வைப்பதற்காகவே பௌதிகத்தில் அளவு, திரும்ப அளவு, மற்றொருவன் அளவு என்று ஏற்பாடு செய்திருக்கின்றார்கள். அந்தச் சுபாவத்தை அடக்கப் பழக்கவேண்டிய இடத்திலேயே அதை வளர்த்துக் கொடுத்தால், அங்கே பௌதிகம் இல்லை என்றுதான் அர்த்தம். வருஷம் முழுவதும் தூசி படிந்து கிடக்கின்ற கருவிகளுக்குச் சில இடங்களில் ஆயுத பூஜையன்று மாத்திரம் சந்தனமும் குங்குமமும் வைப்பதை அறிவோம். கருவிக்குச் செய்யக்கூடிய உண்மையான மரியாதை, அது காட்டுகின்ற எண்ணை அப்படியே எழுதுவதுதான்.

இதற்காகப் பிள்ளைகள்மேல் பாய்வதில் பிரயோஜனம் இல்லை. அவர்களில் அநேகர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலை வாசலை மிதித்தவர்கள். தகப்பனார் கூலி வேலை செய்தும், தாயார் நகையை அடகு வைத்தும் படிக்க அனுப்பியிருக்கின்றார்கள். மார்க்கு போனால் வேலை போய்விடும் என்கின்ற பயம் அவர்களுக்கு நியாயமானதே. ஆசிரியர்கள்மேல் மாத்திரம் பழி போடுவதும் சரியல்ல. கருவி கொஞ்சம், பிள்ளைகள் அதிகம், நேரம் குறைவு. சர்க்கார் கலாசாலைகளில் நிரந்தரம் இல்லாமல் கௌரவ விரிவுரையாளர் என்கின்ற பெயரில் வேலை செய்பவர்களும் ஏராளம். குற்றம் விதியில் இருக்கின்றது. எதற்கு மார்க்கு கொடுக்கின்றோமோ அதையே பிள்ளைகள் செய்வார்கள். புத்தக எண்ணுக்கு மார்க்கு என்றால் புத்தக எண் வரும். உண்மைக்கு மார்க்கு என்றால் உண்மை வரும்.

வருகை விதியையும் பாருங்கள். 75 நாள் வராதவனைப் பரீட்சைக்கு விடமாட்டோம் என்கின்றார்கள். ஆனால் கொஞ்சம் குறைந்தவன் கட்டணம் கட்டிவிட்டால் மன்னிக்கப்படுகின்ற வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் இருக்கின்றது. வகுப்புக்கு வராததால் தெரியாமல் போன பாடம் பணம் கட்டினால் தெரிந்துவிடுமா? தோஷத்திற்குப் பரிகாரம் என்று புரோகிதன் தட்சிணை வாங்குவதற்கும் இதற்கும் என்ன பேதம்? பணம் உள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு பொருட்டல்ல. அறுப்புக் காலத்தில் வேலைக்குப் போனதால் வராமல் நின்ற ஏழைப் பிள்ளைக்கோ அது இரண்டாவது தண்டனை. அவன் தவறவிட்ட பரிசோதனையைச் சனிக்கிழமை வந்து செய்து முடி என்பதல்லவா நியாயமான விதி?

வகுப்பில் நடப்பதும் யோசிக்கத்தக்கது. ஆசிரியர் பேசிக்கொண்டே போவதும், பிள்ளைகள் எழுதிக்கொண்டே போவதும், பரீட்சையில் அதையே திருப்பிக் கக்குவதும்தான் படிப்பு என்று வெகுகாலமாக நினைத்து வந்திருக்கின்றார்கள். அமெரிக்காவில் ஹேக் என்கின்ற பேராசிரியர் 62 வகுப்புகளில் படித்த 6,542 மாணாக்கர்களைப் பற்றிய கணக்கை எடுத்து 1998-ம் ஆண்டில் வெளியிட்டார். பாடம் தொடங்கும் முன் ஒரு சோதனை, முடிந்தபின் அதே சோதனை. பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருந்த வகுப்புகளில், முன்பு தெரியாமலிருந்ததில் நூற்றுக்குச் சுமார் 23 பங்கு தெரிந்துகொண்டார்கள். பிள்ளைகள் தங்களுக்குள் விவாதித்து, கேள்வி கேட்டு, கையால் செய்து பார்த்த வகுப்புகளில் அது சுமார் 48 பங்கு. ஏறக்குறைய இரட்டிப்பு. கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வாயை அடைக்கின்ற வகுப்பில் பாதிப் படிப்பு அடைபட்டுப் போகின்றது என்பதே இதன் பொருள்.

நமது பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் இருக்கின்றது. பள்ளிக்கூடத்தில் விசை, நிறை, முடுக்கம், உந்தம் என்று தமிழில் படித்து விளங்கிக்கொண்டு வந்த பிள்ளை, கலாசாலையில் எல்லாம் இங்கிலீஷில் நடக்கக் கண்டு திகைக்கின்றான். சந்தேகம் மனதில் தமிழில் எழுகின்றது. கேட்க வேண்டியதோ இங்கிலீஷில். ஆகையால் கேட்காமலே இருந்துவிடுகின்றான். இங்கிலீஷ் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உலகத்துச் சாஸ்திரப் புத்தகங்களைப் படிக்க அது வேண்டியதுதான். ஆனால் சந்தேகம் கேட்பதற்குப் பாஷை தடையாயிருக்கக் கூடாது. கல் விழுவதற்கு எந்தப் பாஷையும் தெரியாது.

ஆகவே பௌதிக வகுப்பின் முதல் நாளில் வாசிக்கப்பட வேண்டிய விதிகள் இவை என்று நாம் கருதுகின்றோம்:

1. அளவை எடுத்த அந்த நிமிஷத்திலேயே மையால் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது. தப்பென்று தோன்றினால் ஒரு கோடு போட்டு, ஏன் என்று பக்கத்தில் எழுதிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

2. விடை புத்தகத்திற்கு எவ்வளவு அருகில் இருக்கின்றது என்பதற்கு மார்க்கு இல்லை. எப்படி அளந்தாய், எத்தனை தடவை அளந்தாய், எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று எப்படிக் கணக்கிட்டாய் என்பவைகளுக்கே மார்க்கு.

3. விடை ஒத்துவராவிட்டால் காரணத்தைத் தேடி எழுதுகின்ற பிள்ளைக்குக் கூடுதல் மார்க்கு.

4. அளக்காததை அளந்ததாக எழுதுவது, பரீட்சையில் காப்பி அடிப்பதற்குச் சமமான குற்றம்.

5. வராத நாளுக்குப் பணம் இல்லை. வந்து செய்து முடிப்பதே ஈடு.

6. எந்தப் பாடத்திலும் எந்தக் கேள்வியையும் தமிழிலோ இங்கிலீஷிலோ கேட்கலாம். ஆசிரியருக்குத் தெரியாவிட்டால் "தெரியாது, பார்த்துச் சொல்லுகின்றேன்" என்று சொல்லுவது அவருக்குக் கௌரவமே தவிரக் குறைவல்ல.

இப்படி விட்டுவிட்டால் பிள்ளைகள் அசட்டையாக எதையாவது அளந்து எழுதிவிடுவார்களே என்று ஒரு ஆட்சேபம் வரலாம். வராது. ஒரே அளவைப் பத்துத் தடவை எடுக்கச் சொன்னால் அசட்டையானவனுடைய எண்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். கவனமுள்ளவனுடைய எண்கள் நெருங்கி நிற்கும். அசட்டைக்குச் சாட்சி அந்த எண்களே. இட்டுக்கட்டியவன் நோட்டிலோ எண்கள் இயற்கைக்கு விரோதமாய் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்கத் தெரிந்த ஆசிரியருக்கு இது ஒரு நிமிஷ வேலை.

ஒரு ஊசலில் பொய் எழுதினால் உலகம் முழுகிப் போய்விடுமா என்றும் சிலர் கேட்பார்கள். ஊசலோடு நின்றால் முழுகாது. ஆனால் இன்றைக்கு ஊசலில் பொய் எழுதப் பழகியவன்தான் நாளைக்கு ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதிக்கின்றான். தொழிற்சாலைக் கழிவு நீரைச் சோதிக்கின்றான். பாலத்துக்குப் போட்ட கம்பியின் பலத்தைச் சோதிக்கின்றான். "வரவேண்டிய எண்" என்று மேலே உள்ளவன் ஒன்றைச் சொன்னால் அதையே வரவழைத்துக் கொடுக்கின்ற பழக்கம் அவனுக்கு எங்கே கற்பிக்கப்பட்டது? கலாசாலையில், அதுவும் சாஸ்திரத்தின் பெயரால்!

இந்தியர் ஒவ்வொருவரும் அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்கின்ற குணத்தையும் வளர்த்துக்கொள்ள வேண்டியது கடமை என்று, 1976-ம் ஆண்டில் நிறைவேறிய 42-வது திருத்தத்தின்மூலம் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கின்றார்கள். சட்டத்தில் எழுதியது அவ்வளவுதான். அதைக் கடைப்பிடிக்க வேண்டிய முதல் இடம் பௌதிகச் சோதனைச் சாலை அல்லவா?

தோழர்களே! கலாசாலையை நடத்துகின்றவர்கள் விதியை மாற்றுகின்றவரையில் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ பௌதிகம் படித்தால், எத்தனை மார்க்கு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "இன்றைக்கு என்ன அளந்தாய்? என்ன வந்தது? புத்தகத்தில் இருப்பது வந்ததா, வேறு வந்ததா? வேறு வந்ததானால் ஏன்?" என்று கேளுங்கள். நூலும் ஒரு கல்லும் கடிகாரமும் இருந்தால் உங்கள் திண்ணையிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். 968 என்று வந்து, அதை 968 என்றே எழுதிக் காட்டுகின்ற பிள்ளையைத் தட்டிக் கொடுங்கள். அந்தப் பிள்ளைதான் பௌதிகம் படித்த பிள்ளை.